அருவியில் தண்ணி விழுதா என்று கேட்கிறோம். மலையில் மழையா என்று கேட்கிறோமா?

சீசன் தொடங்கியதும் நெல்லை வாட்ஸ்அப் குரூப்களில் வரும் முதல் கேள்வி, "குற்றாலத்துல தண்ணி விழுதா?" என்பதுதான். "மலையில மழை பெய்யுதா?" என்று கேட்பவர்கள் குறைவு. உயிரைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது கேள்விதான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம், நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவரை இழுத்துச் சென்றது. அவர் பிழைக்கவில்லை. கூட்டம் அலறியடித்து ஓடும் வீடியோவைப் பார்த்தோம், ஃபார்வர்டும் செய்தோம். அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?

நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே காட்டில் கொட்டிய மழை, செங்குத்தான ஓடைகள் வழியே சீக்கிரமே கீழே வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்குகிறதா, சருகும் சுள்ளியும் சேர்ந்து வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா? செருப்பைக்கூடத் தேடாதீர்கள், வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் போகும் திசையில் ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால், குளிக்க முடியாது என்று அர்த்தம். அப்போதும் விசில் ஊதும் போலீஸ்காரரிடம், "ஒரே ஒரு ரீல்ஸ் சார்" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. வெள்ளம் வருகிறது என்றால் குறுக்குத்துறை முருகனே, உற்சவராக மேலக்கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்!

பனிச்சறுக்கு விளையாட்டுக்கென சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்த 10 விதிகள் உண்டு. அதில் ஒன்று, மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு ஆபத்து வராமல் பார்த்துப் போக வேண்டும் என்கிறது. பனியே பார்க்காத நம்ம ஊருக்கும் இது அப்படியே பொருந்தும்.

குற்றாலத்தில் சோப்பு, ஷாம்புக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது சும்மா இல்லை. அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடி தாமிரபரணியில்தான் சேர்கிறது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது அந்த ஆற்றைத்தான்.

பாபநாசத்தில் நிலைமை இன்னும் மோசம். பரிகாரம் என்று ஆற்றில் விடும் வேட்டியும் சேலையும் தண்ணீருக்கடியில் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கின்றன. அடுத்து முங்குகிறவரின் காலில் அது சுற்றிக்கொண்டால், நீச்சல் தெரிந்தவர்கூடத் திணறிப்போவார். தன்னார்வலர்கள் எடுக்க எடுக்க, புதுசாக வந்து விழுகிறது. படித்துறையிலேயே துணி போடத் தொட்டிகள் வைத்து, ஆற்றில் விடுகிறவர்களுக்கு அபராதம் போட்டால் என்ன? துணியைக் கரையில் போட்டால் பரிகாரம் பலிக்காது என்று எந்த அர்ச்சகரும் சொல்லி நான் கேட்டதில்லை.