போட வருகிறது பணம், பேண வருவதில்லை!

ஐப்பசி பிறந்துவிட்டால், தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலே மக்கள் வானத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் தரையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், மேடவாக்கம் என எந்த ஊராயினும் கேள்வி ஒன்றுதான். இந்த ஆண்டு மழைக்குத் தெரு தாங்குமா?

2021 நவம்பரிலே தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் அதிலே ஒன்றாயின. மேலே சொன்ன ஊராட்சிகள் அப்போது சேர்க்கப்படவில்லை. அடுக்கு மாடிகள் எழும்பிவிட்டன, மகிழுந்துகள் நிறைந்துவிட்டன, ஊராட்சியின் வருவாய் மட்டும் கிராமத்து வருவாயாகவே நின்றுவிட்டது. தோற்றத்திலே நகரம், பணப்பையிலே கிராமம்!

அந்தப் பணப்பையைச் சற்றே அவிழ்த்துப் பார்ப்போம். வீட்டு வரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் — இவை ஊராட்சியின் சொந்த வருவாய். தெரு விளக்குக்கு மின்கட்டணம், குடிநீர் ஏற்றும் செலவு, குப்பை அள்ளும் கூலி எல்லாம் போக மிஞ்சுவதுதான் தெருவுக்கு. மாநில நிதிக்குழுவின் பங்கு வருகிறது. அதிலேயும் முதல் கை வைப்பது அன்றாடச் செலவே. டில்லியிலிருந்து வரும் மானியத்துக்கோ கயிறு கட்டி அனுப்பினார்கள். 2021 முதல் 2026 வரைக்குமான பதினைந்தாவது நிதிக்குழு, ஊராட்சிகளுக்கான தொகையிலே 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டுமென்று விதித்தது. குடிநீர் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்த ஊருக்கு எது முதல் தேவை என்பதை முடிச்சூர்க்காரன் அறிவானா, டில்லியிலே அமர்ந்திருப்பவர் அறிவாரா?

சாலைக்குப் பணமே வருவதில்லை என்று நாம் சொல்லவில்லை. வருகிறது, திட்டம் என்ற பெயரிலே வருகிறது, புதிதாகப் போடுவதற்கு வருகிறது. போட்டால் படம் எடுக்கலாம், பெயர்ப் பலகை நடலாம். குழியை அடைத்ததற்குக் கல்வெட்டு வைத்துக்கொண்ட தலைவர் ஒருவரையாவது நாட்டிலே காட்ட முடியுமா? ஆகவே சிறு குழி பெருங்குழியாகும் வரை விடுகிறார்கள்; தெரு முழுதும் பெயர்ந்தபின் முழுத் தெருவையும் போடுகிறார்கள். சில ஆயிரத்திலே முடிந்திருக்க வேண்டியது பல லட்சத்திலே முடிகிறது. ஏழை ஊராட்சி செய்கிற இந்தச் செலவு, பணக்கார ஊரும் செய்யத் துணியாத செலவு!

சாலையைக் கெடுப்பது வண்டி என்று எண்ணுகிறோம். வண்டியைவிடக் கொடியது தண்ணீர். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டார். சுமையைத் தாங்குவது அடியிலுள்ள மண்தான். அந்த மண் நனையாமல் காக்கும் கூரையே மேலே பரப்பும் ஜல்லி என்றார். கூரை ஒழுகினால் வீடு நிற்குமா? தேங்கிய நீர் தாரையும் ஜல்லியையும் பிரிக்கிறது, அடிமண் இளகுகிறது, அதன் மேல் ஒரு லாரி போனால் போதும். ஏரிக்கு ஏரி கால்வாய் ஓடிய பூமி இது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் நீர் பள்ளிக்கரணையைத் தேடிப் போகிறது. முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றைத் தேடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்திலே 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்கு எந்தச் சாலையும் தாங்காது, அதை விட்டுவிடுவோம். ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைக்கே தெரு கரைகிறதென்றால், குற்றம் மழையின் மேல் இல்லை. மண்ணடைந்த வடிகாலின் மேல்.

வடிகாலைத் தூர்வார என்ன வேண்டும்? மண்வெட்டியும் நாலு ஆட்களும். குழியை அடைக்க என்ன வேண்டும்? ஓரங்களைச் சதுரமாக வெட்டி, சேற்றை நீக்கி, தார் தடவி, கலவையைக் கொட்டி இறுக்க வேண்டும். மழைக்கு முன்னே செய்ய வேண்டும். மழை பெய்து கொண்டிருக்கையிலே கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுவது பராமரிப்பு அல்ல, பாசாங்கு. நெடுஞ்சாலைத் துறையிலே 1997இல் ஆயிரக்கணக்கான சாலைப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள்; 2002இல் ஒரே வீச்சிலே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்; 2006இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். சாலை பேணும் ஆளை வீண் செலவென்று கருதியவர்களே மீண்டும் கூப்பிட வேண்டி வந்தது. நெடுஞ்சாலைக்கு உள்ள அந்த ஆள் ஊராட்சித் தெருவுக்கு வேண்டாமா?

இன்னொரு கொடுமை, பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போடுவது. தெரு உயர உயர வீடு தாழ்கிறது. வாசலிலே படி ஏறியவன் இப்போது படி இறங்குகிறான். மழைநீர் அவனுக்கு முன்னே உள்ளே நுழைகிறது. பழைய பரப்பைச் சுரண்டிவிட்டே போட வேண்டுமென்று, தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு திட்டவட்டமாக உத்தரவிட்டார். உத்தரவு பெருஞ்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தடித் தெருவுக்குள்ளே சுரண்டும் இயந்திரம் நுழைவதே பாடாயிருக்கிறது.

போட்ட தெருவைத் தோண்டுகிறவர்கள் கதை தனி. தோண்டுகிறவர் சீரமைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம் பொதுக் கணக்கிலே விழுந்து விளக்குக்கும் கூலிக்கும் கரைந்துவிட்டால், தெரு தெருவாகவா இருக்கும்? அதைத் தனிக் கணக்கிலே வைத்து, தோண்டிய தெருவுக்கே செலவிடச் சட்டம் தடையா சொல்கிறது? மனைப்பிரிவுகளின் சிக்கலும் உண்டு. விற்றவர் சாலையை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தராமல் போய்விட்டால், அது ஊராட்சியின் சாலையே அல்ல என்று கை விரிக்கிறார்கள். வீட்டு வரி வாங்கும்போது மட்டும் அந்தச் சந்தேகம் எழுவதில்லை.

மக்கள் பங்கு தர மாட்டார்களா என்று கேட்பாருண்டு. தந்திருக்கிறார்கள். பக்கத்து ஆலந்தூரிலே, தனி நகராட்சியாக இருந்த காலத்தில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்கள் முன்வந்து கட்டினார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் தெருவுக்கு வந்து கேட்டார், பணம் எங்கே போகிறதென்று தெரிந்தது, கட்டினார்கள். மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது என்ற நமக்கு நாமே திட்டமும் நல்லதே. ஆனால் கூலிக்காரர் குடியிருக்கும் தெருவிலே குழி அடைக்கவும் பங்கு கேட்பது முறையாகாது. 2016 முதல் 2021 வரை ஐந்தாண்டு காலம் இந்த ஊர்களிலே கேட்பதற்கே தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. யாரால் வந்தது என்ற வழக்கை இங்கே நடத்தவில்லை. அந்த ஐந்தாண்டில் அடைபட்ட வடிகாலை மட்டும் நினைவூட்டுகிறோம்.

மாநகராட்சியிலே சேர்ந்தால் தீரும் என்கிறார் சிலர். வரிதான் ஏறும் என்கிறார் வேறு சிலர். சேர்ந்த ஊர்களிலே தெருக்கள் தாமாகத் தார் பூசிக் கொள்ளவில்லை என்பதை இரு தரப்பாரும் பார்க்கலாம். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ், ஊர் வசூலிக்கும் வீட்டு வரிக்கு ஈடாக அரசும் மானியம் தந்தது. ஆண்டது யாராயிருந்தாலும் நல்ல முறையை நல்ல முறை என்போம். அதே முறையைப் பராமரிப்புக்கு மட்டும் மீண்டும் கொண்டு வரட்டும் அரசு: வீட்டு வரியிலே ஒரு பங்கை ஊராட்சி ஒதுக்கினால், அதே அளவு அரசும் தரட்டும், புதுச் சாலைக்கு அதைத் தொடக் கூடாதென்று விதிக்கட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை பருவமழைக்குச் சரியாக முன்னே கூடுகிறது. எந்தெந்த வடிகால் தூர்வாரப்பட்டது, எந்தெந்தக் குழி அடைக்கப்பட்டது, தோண்டியவர்கள் கட்டிய பணம் எவ்வளவு என்ற மூன்று கணக்கையும் அன்றைக்கு எழுத்திலே கேட்கும்படி இந்த ஊர் மக்களைக் கேட்டுக் கொள்கிறோம்.