பாரிஸிலிருந்து லியோனுக்கு எவ்வளவு நேரம்?

நெய்வேலியில் பயணிகள் விமானம் இறங்கப்போகிறது என்ற பேச்சு எங்கள் காலை நடைக் கோஷ்டியில் மறுபடி கிளம்பியிருக்கிறது. உடான் திட்டத்தில் நெய்வேலியின் பெயர் சேர்ந்ததிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்தப் பேச்சு வரும். பீங்கான் தொழிற்பேட்டை வரை நடந்து திரும்புவதற்குள், "சார், இனிமேல் விருத்தாசலத்துக்காரனுக்குச் சென்னை முக்கால் மணி நேரம்தான்" என்று ஒரு நண்பர் முடிவே செய்துவிட்டார்.

நான் பாரிஸ்–லியோன் கணக்கைச் சொன்னேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு எதற்கெடுத்தாலும் பிரான்ஸ்தானா என்று சிரித்தார்கள். நியாயம்தான். ரோன் நதியும் சோன் நதியும் லியோனில் கூடுகின்றன என்று புதுச்சேரியில் மனப்பாடம் செய்தவன் நான். மணிமுத்தாறு எங்கே ஓடுகிறது என்பது வேலை கிடைத்து இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

பாரிஸுக்கும் லியோனுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 390 கிலோமீட்டர். விமானத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். 1981-இல் ஓடத் தொடங்கிய தெஜேவே அதிவேக ரயிலுக்கு இரண்டு மணி நேரம். காகிதத்தில் விமானம்தான் ஜெயிக்கிறது. ஆனால் லியோன் விமான நிலையம் ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டருக்கு மேல். (அதற்கு செந்த் எக்சுபெரி பெயர், 'குட்டி இளவரசன்' எழுதியவர், விமானி, அந்த ஊரில் பிறந்தவர்.) ரயிலோ ஊர் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் லியோனில் இருக்கும் என் அண்ணனை அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாரிஸிலிருந்த மகன் பதறிப்போய் விமானத்துக்கு ஓடினான். மருமகள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். முதலில் போய்ச் சேர்ந்தது மருமகள்தான். அண்ணன் பிழைத்துவிட்டார், மகனை இன்றும் கேலி செய்கிறார்.

ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று பிரான்ஸ் சட்டமே போட்டுவிட்டது. 2023 மே மாதம் அது அமலுக்கு வந்து, பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ விமானங்கள் நின்றன. வெளிநாட்டு விமானம் பிடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நம் கணக்குக்கு வருவோம். வீட்டிலிருந்து நெய்வேலி முக்கால் மணி. ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பறப்பது முக்கால் மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்து மெட்ரோ பிடித்து எழும்பூர் போக இன்னொரு மணி. மூன்றரை ஆயிற்றா? வைகையிலும் பல்லவனிலும் ஏறினால் மூன்று மணி நேரத்தை ஒட்டி எழும்பூர். கட்டணத்தை நான் ஒப்பிடவே இல்லை.

பாரிஸிலிருந்து வரும் என் அண்ணன் மகனுக்கு நெய்வேலி விமானம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் டயாலிசிஸுக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் சென்னை போகிறவர்கள் இங்கே முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போகிறார்கள். மனு எழுதுவதென்றால் அந்தப் பெட்டிகளைக் கூட்டச் சொல்லி எழுதுவோம், வரைவு நான் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"அது சரி சார், உங்களுக்கு ரயிலில் இடம் கிடைத்துவிட்டதா?" என்று கேட்டார் நண்பர்.

அடுத்த செவ்வாய் கண் பரிசோதனைக்குச் சென்னை போக வேண்டும். வைகையில் காத்திருப்போர் பட்டியலில் பதினான்காவது ஆளாக இருக்கிறேன்.