வாசற்படியிலேயே காவல்

கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தை அவருடைய சம்மதமின்றி வக்கீல் வெளியிடலாகாது என்பது 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் விதி. 2023-ம் வருஷத்துப் புதிய சாட்சியச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. ஆனால் அது கட்சிக்காரருக்கு ஏற்பட்ட காவல். இன்று ஜனங்கள் வக்கீலின் அறைக்குள் நுழையுமுன் அவரது இணையதளத்தில் நுழைகிறார்கள். பெயர், தொலைபேசி எண், விவாகரத்தோ கடன் தொல்லையோ எல்லாவற்றையும் அங்கே எழுதி விடுகிறார்கள். வழக்கை வக்கீல் ஏற்காவிட்டால் அவ்விவரங்களின் கதி என்ன?

அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். 2023-ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பாதுகாவலில் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சட்ட உரிமையை நிலைநாட்ட அவசியமான தகவலுக்குச் சில விலக்குகளும் அதில் உண்டு. வக்கீல்கள் அவ்விலக்கில் தஞ்சம் புகலாகாது.

நீண்டதோர் அறிக்கையை மூலையில் ஒட்டி வைப்பதுடன் கடமை தீர்ந்துவிடாது. அவசியமானதை மட்டுமே கேட்கவேண்டும். வருவோரை வேவு பார்க்கும் விளம்பரக் கருவிகளுக்கு இடம் தரலாகாது. ஏற்காத வழக்கின் விவரத்தை அழித்துவிட வேண்டும். பிறர் உரிமைக்கு வாதாடுவோர் தம் வாசலிலேயே அதைப் பறிகொடுக்க விடுவது தகுமா?