மாட்டுக்கும் நீதி, மாடு வளர்ப்பவருக்கும் நீதி

மழை பிடித்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். கீழ்புத்துப்பட்டுப் பக்கம் நிலமில்லாத குடும்பத்துக்கு அப்போது கைகொடுப்பது கொட்டகையில் நிற்கும் மாடோ ஆடோதான். ஆகவே கால்நடைச் சட்டம் எதுவும் நம் அடுப்பைத் தொடாமல் போவதில்லை.

2017 மே 23 அன்று ஒன்றிய அரசு, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புதிய சந்தை விதிகளை அறிவித்தது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றது. மே 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. வழக்கின் அடிப்படை எளிது: தேவையற்ற துன்பமின்றி உணவுக்காகக் கொல்வதை 1960ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கவில்லை, விதி சட்டத்தை மீறலாமா?

அதற்காக விலங்கின் வலி பொய்யாகிவிடாது. லாரியில் நெருக்கி அடைப்பதும், சிறகு விரிக்க இடமில்லாத கூண்டில் முட்டைக்கோழியை வைப்பதும் கொடுமைதான். கோழி வளர்ப்புக்கு விதிகள் தேவை என்று சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆனால் அதே 1960 சட்டத்தில் வதைக்கு முதல்முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். பெரும்பண்ணைக்கு இது ஒரு பொருட்டா?

பண்ணையைத் தொடாத கருணை, கிழமாட்டை விற்க வந்தவரை மறிக்கிறது. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை அடித்தவர்களும் பசுவின் பெயரைத்தான் சொன்னார்கள்.

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு கால்நடை வழக்கிலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: வாயில்லா உயிரின் வலி குறைகிறதா? அதன் சுமை யார் தலையில் விழுகிறது?