எரிந்த வீட்டில் வட்டி வசூலா?

எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்பார்கள். எரிந்து அணைந்த வீட்டிலும் பிடுங்க வந்தவர்கள் உண்டு!

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஒரு சின்ன நாடு. 1989 முதல் 2003 வரை அங்கே உள்நாட்டுப் போர். மாண்டவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். தலைநகர் மன்ரோவியாவில் தெரு விளக்குகூட இல்லை. 2006 ஜனவரியில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் அம்மையார் அதிபரானார். கஜானாவைப் பார்த்தால், வருஷ பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர். வெளிநாட்டுக் கடனோ 490 கோடி டாலர்!

வருஷம் 100 ரூபாய் சம்பாதிக்கிறவன் தலையில் 6,000 ரூபாய் கடன். எந்த ஜென்மத்தில் அடைப்பான்?

உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் நிலைமையைப் புரிந்துகொண்டன. 2010 ஜூனில் 460 கோடி டாலர் தள்ளுபடிக்கு வழி பிறந்தது. அதற்கு முன்பே, 2009ல், தனியார் கடன்காரர்களில் பெரும்பாலோர் டாலருக்கு 3 சென்ட் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்கள்.

கழுகுக் கம்பெனிகள்

இரண்டு கம்பெனிகள் மட்டும் மசியவில்லை. லண்டன் கோர்ட்டுக்குப் போயின. 1978ல் ஒரு அமெரிக்க பேங்க் கொடுத்த 65 லட்சம் டாலர் கடன். கைமாறி இவர்களிடம் வந்த பாக்கி அது. வட்டியும் சேர்த்து 2 கோடி டாலருக்கு 2009 நவம்பரில் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள்!

கடன் வாங்கிய அரசு 1980லேயே ராணுவப் புரட்சியில் கவிழ்ந்துபோச்சு. கட்ட வேண்டியது யார்? 1978ல் பிறக்கவே பிறக்காத பிள்ளைகள்!

'வாங்கின கடனைக் கட்டத்தானே வேணும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடைத்தெருவில் நடப்பது என்ன? தீப்பிடித்த கடைக்காரருக்கு மொத்த வியாபாரி பாக்கியைக் குறைப்பார், தவணை கொடுப்பார். கடை திறந்தால்தானே அடுத்த சரக்கு போகும்? பத்துப் பேர் விட்டுக்கொடுத்ததை பதினொன்றாவது ஆள் அள்ளிக்கொண்டு போனால், அடுத்த தடவை எவர் விட்டுக்கொடுப்பார்?

2010 ஏப்ரலில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. தள்ளுபடித் திட்டத்தில் உள்ள ஏழை நாடுகளிடம், எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் அங்குள்ள கோர்ட் மூலம் கறக்க முடியாது. அப்புறம் அந்த இரண்டு கம்பெனிகளும் வழிக்கு வந்தன. சுமார் 3 சதவீதத்தோடு சமாதானம்!

ஆனால் அந்தச் சட்டம் பழைய கடனுக்கு மட்டுமே. இனி போரில் எரியும் நாடுகள் வாங்கும் புதுக் கடனுக்குப் பாதுகாப்பு இல்லை. கழுகுகள் காத்துக்கொண்டுதான் இருக்கும். கதவை முழுசாகச் சாத்துவதுதான் நியாயம்.