ஊரைக் கேளாமல் பள்ளியைத் திருத்தலாமா?

பள்ளி என்பது அரசு எழுப்பிய சுவரும் கூரையுமன்று. ஊர்மக்கள் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் இடம். எனவே, அங்குச் செய்யும் எந்தத் திருத்தமும் அம் மக்களைக் கேட்டே செய்யப்படல் வேண்டும். இவ்வுண்மையைத் தமிழகம் சில ஆண்டுகளுக்குள்ளேயே இருமுறை பட்டறிந்தது. ஒருமுறை தோல்வியால், மறுமுறை வெற்றியால்.

1953-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராசாசி நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிகளிற் புதுத் திட்டமொன்றைப் புகுத்தினார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணிநேரமே பள்ளியில் இருப்பர். எஞ்சிய பொழுதிற் பெற்றோர் தொழிலைப் பழகுவர். இடமும் ஆசிரியரும் போதாத நிலையில், இருவேளையாகப் பிரித்தாற் கூடுதலான பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன கரணியம். கணக்கிற் பிழையில்லை, நயன்மையிலேயே பிழை. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாட் படிப்பு, நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு அரைநாட் படிப்பா? தோல் தைப்பவன் மகன் தோலையும், அழுக்கு வெளுப்பவன் மகன் வெள்ளாவியையும் விட்டு விலகுவது எந்நாள்?

மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்றே பெயரிட்டனர். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். ஆண்ட பேராயக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. திட்டம் வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடப்பட்டது. பருலேகர் தலைமையிலான அக் குழுவோ, திட்டம் ஏற்றதே என்று அறிக்கை தந்தது! ஆயினும் என்ன? 1954 ஏப்பிரலிற் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. வல்லுநர் ஒப்புதல், பெற்றோர் ஒப்புதலுக்கு ஈடாகாது என்பதை ஆட்சியாளர் அன்று கற்றனர்.

அடுத்து வந்தது வேறொரு வழி. 1956-இற் பள்ளிகளிற் பகலுணவு தொடங்கியபோது, ஊரார் தந்த கொடையே அதற்கு முதலாயிற்று. 1958 முதல், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முயற்சியாற் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. பள்ளிக்கு இன்னின்ன தேவை என்று ஊரே பட்டியலிட்டது. கட்டடமும் இருக்கையும் கரும்பலகையும் ஊர்க்கொடையால் வந்தன. கேட்கப்பட்ட மக்கள் தாமே கொடுத்தனர்.

எனினும், அவ்வழியிலும் ஒரு குறை உண்டு. கொடுக்க வல்லார் உள்ள ஊரிற் பள்ளி செழிக்கும். இல்லாதார் சேரியில் அது மெலியும். கொடுத்தவன் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்வான். கூலியாள் வாயிலில் நிற்பான். எனவே, ஊரைக் கேட்டல் மட்டும் போதாது. ஊரில் யாரைக் கேட்பது என்பதே ஒப்புரவின் உரைகல்.

2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் இதற்கு விடை தருகின்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும், பாதிப்பேர் பெண்டிர், ஒடுக்கப்பட்டோர்க்கும் நலிந்தோர்க்கும் அவர்தம் அளவிற்கேற்ற இடம் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், பள்ளிக்கு வரும் பணம் செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் அக் குழுவின் பணி.

ஆனால், முன்னரே எழுதி முடித்த ஏட்டிற் கைந்நாட்டு வாங்குவது கருத்துக் கேட்பதாகாது. களையெடுக்கும் தாய் வேலைக்குப் போன வேளையிற் கூட்டம் நடத்துவது, அவளை வாராதே என்பதற்கு ஒப்பாகும். கூட்டம் மாலையில் நடக்கட்டும். ஒருமுறை ஊரில் என்றால் மறுமுறை சேரியில் நடக்கட்டும். வரவுசெலவு ஆங்கிலத் தாளிலன்றிப் பள்ளிச் சுவரில், எளிய தமிழில் எழுதப்படட்டும். ஒரு பள்ளியை மூடுமுன்னும் மற்றொன்றோடு இணைக்குமுன்னும், நெடுந்தொலைவு நடக்கப்போகும் பிள்ளையின் பெற்றோரே முதலிற் கேட்கப்படட்டும்.

1953-இல் நாட்டுப்புறத்தான் கேட்கப்படாததால், போராடித் தன் பிள்ளைக்கு முழுநாட் பள்ளியை மீட்டான். இன்று அவனுக்கு இருக்கையைச் சட்டமே தந்துள்ளது. அவ்விருக்கையை வெறுமையாய் விடாது சென்று அமர்தல் ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரின் கடன். அமர்ந்தவர் சொல்லுக்குச் செவிசாய்த்தல் அரசின் கடன்.