பூக்கும் முன்பே இனம் காண வேண்டும்

அவலூர்பேட்டை, செஞ்சி வட்டாரத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் வரப்பு, வாய்க்கால் ஓரம், களத்துமேடு எங்கும் கேரட் இலை போன்ற ஒரு செடி தரையோடு படிந்து முளைக்கும். அதுவே பார்த்தீனியம். வெள்ளைப் பூவைக் கண்ட பிறகே பலரும் அதை இனம் காண்கின்றனர். அது காலம் கடந்த செயலாகும். முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரே செடி 10,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும்.

இளஞ்செடியைச் சாமந்தி நாற்று என்றும், மாசிபத்திரி என்றும் எண்ணிப் புழக்கடையில் விட்டுவைப்போர் உண்டு. எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் இம்மயக்கம் இயல்பே. சாமந்தி இலை தடிப்பானது, வெட்டுகள் குறைவு. பார்த்தீனிய இலை மெல்லியது, வெளிர்பச்சை, நுணுக்கமாகப் பலமுறை பிளவுபட்டு, மென்மயிருடன் வட்டமாகப் படிந்திருக்கும். பிறகு வரிப்பள்ளங்களுடன் தண்டு எழும். ஐயமிருந்தால் வெறுங்கையால் கசக்கிப் பார்க்க வேண்டாம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் சிலருக்கு வந்தால் எளிதில் விடா. களையெடுக்கும் பெண்களே முதலில் அவதிப்படுவர்.

வெள்ளைப் பூவைப் பார்த்து வெட்டுக்காயப் பூண்டையும் கரிசலாங்கண்ணியையும் சேர்த்துப் பிடுங்குவதும் தவறு. முன்னது படர்ந்து, நீண்ட காம்பில் ஒற்றைப் பூ விடும். பின்னதன் இலை பிளவுபடாதது, ஈரநிலத்தை நாடும்.

மல்லாட்டை பயிரிடுவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலையைத் தண்டு கருகல் நச்சுயிரி நோய் சுமார் 2.25 லட்சம் எக்டரில் தாக்கிற்று. அந்த நச்சுயிரி பார்த்தீனிய மகரந்தத்தில் தங்கும். செடியில் அறிகுறி எதுவும் தெரியாது. மகரந்தம் கடலை இலையில் விழ, இலைப்பேன் சுரண்டும் காயத்தின் வழியே நோய் புகும். வயலைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வரப்பில் பூக்கவிட்டால் என்ன பயன்?

மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1984-ல் பெங்களூர்ப் பகுதியில் விடப்பட்ட வண்டு இக்களையின் இலையைத் தின்னும். எனினும் அது மழைக்காலத்தில்தான் வேலை செய்யும்; கோடையில் மண்ணுக்குள் உறங்கும். அதை மட்டும் நம்பிக் கைகட்டி இருக்க இயலாது. பூத்தபின் ஊர்கூடி வெட்டிச் சாலையோரம் குவிப்பதோ விதைப்பு வேலைதான்.

மண் ஈரமாயிருக்கையில், கையுறை அணிந்தோ துணி சுற்றியோ, பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். அப்போது எருக்குழியிலும் இடலாம். பூத்ததை எருவாக்க வேண்டாம். பயிரில்லாத தரிசில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்புக் கரைத்து, இலை நன்கு நனையத் தெளிக்கலாம். வயலிலும் வரப்பிலும் உப்பு கூடாது.